சுருட்டிக்கொண்டது நரம்பு அல்ல

கால்களில் நீலமாகப் புடைத்து நெளியும் 'வெரிகோஸ் வெயின்' பற்றிப் பெயரிலிருந்து சிகிச்சை வரை எத்தனையோ தவறான நம்பிக்கைகள். அவற்றால் வீணாகும் ஆண்டுகளுக்குக் கால்கள்தான் விலை கொடுக்கின்றன.

முழங்காலுக்குக் கீழே, தோலுக்கடியில் மண்புழுக்கள் சுருண்டு படுத்திருப்பது போல, நீலமும் பச்சையுமாகப் புடைத்து நிற்கும் அந்த நோய்க்குத் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பெயர்தான்: "நரம்பு சுருட்டிக்கிச்சு." தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சுருட்டிக்கொள்வது நரம்பு அல்ல, ரத்தக் குழாய். மூளையின் கட்டளையைத் தசைக்கும் காலில் குத்திய முள்ளின் வலியை மூளைக்கும் கொண்டுபோவது நரம்பு. புடைத்து நெளிவதோ காலிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பேச்சுத் தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. குளுக்கோஸ் ஏற்ற ஊசியோடு வரும் நர்ஸ்கூட "நரம்பு கிடைக்கல" என்றுதான் சலித்துக்கொள்வார். தில்லிக்கோ மும்பைக்கோ குடிபெயர்ந்த தமிழர்களுக்கும் விமோசனம் இல்லை. இந்தியில் 'நஸ்' என்ற சொல்லும் இதே குழப்பத்தைத்தான் செய்கிறது.

வெறும் சொல்லாராய்ச்சி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நரம்பு என்று நம்புகிறவர் நரம்புக்குத்தான் வைத்தியம் தேடுகிறார். மருந்துக் கடையில் 'நரம்புச் சத்து மாத்திரை' கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார். வைட்டமின் மாத்திரையால் பெரிய கெடுதல் இல்லை, சிறுநீர் மஞ்சளாகப் போகும், அவ்வளவுதான். இன்னும் சிலர் நரம்பியல் டாக்டரிடம் முறை வாங்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். நரம்பைத் தொட்டால் கை கால் விழுந்துவிடும் என்ற பயத்தில் ஆபரேஷன் என்ற பேச்சையே எடுக்க விடாதவர்கள் அதைவிட அதிகம். இதற்குள் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

பள்ளிப் பாடப் புத்தகம் தன் பங்குக்கு இன்னொரு குழப்பத்தைச் சேர்த்தது. தமனியில் ஓடுவது சுத்த ரத்தம், சிரையில் ஓடுவது அசுத்த ரத்தம் என்று ஒரு தலைமுறையே மனப்பாடம் செய்தது. அசுத்தம் என்றால் இங்கே ஆக்சிஜன் குறைந்தது என்று மட்டுமே பொருள். நுரையீரலுக்குப் போய்வந்தால் அதே ரத்தம் 'சுத்தமாகிவிடும்'. ஆனால் புடைத்த சிரையைப் பார்க்கிறவர் மனதில் 'கெட்ட ரத்தம் தேங்கிவிட்டது, அதை வெளியேற்ற வேண்டும்' என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது. அட்டை விடுவதும் கீறி ரத்தம் எடுப்பதும் இந்த எண்ணத்தில் பிறந்த வைத்தியங்கள்தாம்.

உண்மையில் நடப்பது குழாய் ரிப்பேர் செய்கிறவருக்கு உடனே புரியக்கூடிய விஷயம். நிற்கும் மனிதனின் கணுக்காலிலிருந்து இதயம் நாலடி உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் ரத்தம் மேலேற வேண்டும். இதயம் கீழே தள்ளிய வேகமெல்லாம் நுண்குழாய்களைத் தாண்டுவதற்குள் தீர்ந்துபோயிருக்கும். எனவே ஏற்றிவிடும் வேலையைக் கெண்டைக்கால் தசை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அது சுருங்கி, உள்ளே இருக்கும் ஆழ் சிரைகளைப் பிழிகிறது. ஏறிய ரத்தம் திரும்பி இறங்காமலிருக்க வழியெங்கும் சின்னச் சின்ன வால்வுகள். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு போல மேலே போக விடும், கீழே வர விடாது.

இந்த வால்வுகளை விவரித்து 1603-ல் புத்தகம் எழுதியவர் இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்த ஃபேப்ரிசியஸ். அவை எதற்கு என்பதை அவர் சரியாகப் பிடிக்கவில்லை. அவரிடம் படித்த ஆங்கிலேயர் வில்லியம் ஹார்வி பிடித்தார். ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628-ல் அவர் நிறுவியபோது, முக்கியச் சாட்சிகளில் ஒன்று கையில் ஒரு கட்டைப் போட்டு, புடைத்த சிரையில் ரத்தத்தை விரலால் கீழ்நோக்கித் தள்ள முடியாது என்று காட்டியதுதான்.

வால்வு பழுதானால் என்ன ஆகும்? ஏறிய ரத்தம் இறங்குகிறது. கீழே உள்ள வால்வின் மேல் பாரம் கூடுகிறது, அதுவும் விரிந்து தளர்கிறது. தொடை இடுக்கிலிருந்து உள்பக்கக் கணுக்கால் வரை தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் நீளமான சிரையில்தான் இது பெரும்பாலும் நேர்கிறது. சும்மா நிற்கும்போது கணுக்காலருகே சிரையின் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். ஆரோக்கியமான காலில் நாலு அடி நடந்தால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு பழுதான காலில் இறங்காது. அந்தக் கால் நடந்தாலும் நின்றுகொண்டே இருப்பதற்குச் சமம். மாலையில் கால் கனப்பதும், கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் அழுந்துவதும், ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும் இதனால்தான்.

இது பெண்களின் நோய் என்பது அடுத்த நம்பிக்கை. பிரசவம் காரணமாகச் சொல்லப்படுகிறது. கர்ப்பத்தின்போது ரத்தத்தின் அளவு கூடுகிறது, ஹார்மோன்கள் சிரைச் சுவர்களைத் தளர்த்துகின்றன, வளரும் கருப்பை வயிற்றுக்குள் இருக்கும் பெரிய சிரைகளை அழுத்துகிறது என்பதெல்லாம் சரிதான். ஆனால் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 18 முதல் 64 வயது வரையிலான 1,566 பேரைப் பரிசோதித்து 1999-ல் வெளியிடப்பட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. முக்கியச் சிரைகளில் புடைப்பு இருந்தவர்கள் ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் 32 சதவீதம். எல்லா ஆய்வுகளும் இதே பக்கம் சாயவில்லை. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் பெண்களுக்கே புதிதாக அதிகம் வந்தது. எப்படியானாலும் ஆண்களுக்கு விலக்கு இல்லை. வேட்டியையோ லுங்கியையோ மடித்துக் கட்டும் ஆணின் கால் ஊருக்கே தெரிகிறது, அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. பெண்ணின் காலைப் புடவை மறைத்துவிடுகிறது. தொடைவரை டாக்டரிடம் காட்டவேண்டுமே என்ற கூச்சத்தில் அவர் தள்ளிப்போடுகிறார். முடிவில் இருவரும் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

பரம்பரைக்குத்தான் இதில் பெரிய பங்கு. 1994-ல் பிரான்ஸில் 134 குடும்பங்களை வைத்து நடந்த ஆய்வில், தாய் தந்தை இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 90 சதவீதம் என்று தெரிந்தது. ஒருவருக்கு மட்டும் இருந்தால் மகனுக்கு 25, மகளுக்கு 62. இருவருக்கும் இல்லாவிட்டாலும் 20 சதவீதம். கால்மேல் கால் போட்டு உட்காராதே என்று பாட்டி சொல்வதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். இந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று நிரூபணமாகவில்லை.

நிற்பதற்கு உண்டு. நிற்பது இல்லாத நோயை உண்டாக்குகிறது என்பதைவிட, தளர்ந்த வால்வின் மேல் பாரம் ஏற்றி நோயை முற்றவைக்கிறது என்பது சரியாக இருக்கும். டென்மார்க்கில் 12 ஆண்டுகள் தொழிலாளர்களைத் தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளிவந்த ஆய்வில், வேலை நேரத்தில் முக்கால் பங்கை நின்றோ நடந்தோ கழித்த பெண்கள் இந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.8 மடங்காக இருந்தது. டிராஃபிக் போலீஸ்காரர், பஸ் கண்டக்டர், பரோட்டா மாஸ்டர், முடிதிருத்துபவர், ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கணக்கில் நிற்கும் நர்ஸ், ஏன், அந்த சர்ஜனேகூட இந்தப் பட்டியலில் வருவார்கள். ஆனால் இந்தியாவில் இந்த நோயை அரசியலாக்கியவர்கள் ஜவுளிக் கடைப் பெண்கள்.

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. சிறுநீர் கழிக்க இடமில்லாததால் தண்ணீர் குடிக்காமல் பொழுதைப் போக்கினார்கள். உட்காரவும் கூடாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட நின்றே ஆகவேண்டும். தையல் தொழிலாளியான பி. விஜி இவர்களைத் திரட்டி 'பெண்கூட்டு' என்ற அமைப்பை உருவாக்கினார். முதலில் கழிப்பறை, பிறகு நாற்காலி. 2014-ன் இறுதியில் திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் பெண் ஊழியர்கள் கடை வாசலில் உட்கார்ந்து நடத்திய போராட்டத்துக்கு மலையாளத்தில் வைத்த பெயரே 'இரிக்கல் சமரம்'. உட்காரும் போராட்டம்! கேட்கச் சிரிப்பாகக்கூட இருக்கலாம், எட்டுப் பத்து மணி நேரம் நின்று பார்க்காதவர்களுக்கு. 2018-ல் கேரள அரசு கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தது. அதே ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இடம்பெற்றது.

தமிழ்நாடு மூன்றாண்டு கழித்துப் பின்தொடர்ந்தது. தி. நகர் ரங்கநாதன் தெருவிலிருந்து ஊருக்கு ஊர் இருக்கும் பட்டு மாளிகைகள்வரை எத்தனை ஆயிரம் இளம்பெண்கள் சீருடையில் நிற்கிறார்கள் என்பது பண்டிகைக்குத் துணி எடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். 2021 செப்டம்பரில் சட்டமன்றம் 1947-ம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்காரச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது ஊழியர் உட்கார இருக்கை இருக்கவேண்டும் என்கிறது அது. விசித்திரம் என்னவென்றால், நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு உட்கார வசதி வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே, தன் 44-வது பிரிவில், சொல்லிவிட்டது. ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்த நாற்காலி கடை ஊழியருக்குச் சட்டத்தில் ஏற எழுபது ஆண்டுகள் ஆயின.

நாற்காலி மட்டும் போதும் என்று நினைப்பதும் சரியல்ல. காலைத் தொங்கப்போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் லாரி டிரைவருக்கும் கம்ப்யூட்டர் முன்னால் அசையாதிருப்பவருக்கும் கெண்டைக்கால் பம்ப் வேலை செய்வதில்லை. அரை மணிக்கொருமுறை நாலு அடி நடப்பது, முடியாவிட்டால் நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குவது, இதைத்தான் டாக்டர்கள் சொல்கிறார்கள். காசு செலவில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ யாரும் மதிப்பதில்லை.

நம்பிக்கைகளிலேயே ஆபத்தானது 'இது வெறும் அழகுப் பிரச்சினை' என்பதுதான். பலருக்கு அது உண்மையாகவே இருந்துவிடும். புடைப்போடு எண்பது வயதுவரை நடமாடியவர்கள் உண்டு. ஆனால் யாருக்கு அப்படி என்பதை முன்கூட்டி யாரும் எழுதித் தர முடியாது. அழுத்தம் இறங்காத காலில் ரத்த அணுக்கள் குழாயைவிட்டுத் தோலுக்குள் கசிகின்றன. அவற்றின் இரும்புச் சத்து படிந்து கணுக்காலுக்கு மேலே தோல் காப்பிக்கொட்டை நிறமாகிறது. அரிப்பு எடுக்கிறது. அதைப் படை என்று நினைத்துக் களிம்பு தடவுகிறார்கள். தோல் தடித்துக் கெட்டியாகிறது. பிறகு ஒருநாள் கொசு கடித்த இடத்தைச் சொறிந்ததிலோ, சைக்கிள் பெடல் இடித்ததிலோ ஒரு சின்னக் காயம். அது ஆறாது.

இந்த ஆறாத புண்ணைப் 'பழைய சர்க்கரைப் புண்' என்று சொல்லிவிடுவது சுலபம். சர்க்கரை நோயாளிகள் மலிந்த நாட்டில் அந்தச் சந்தேகம் இயல்பும்கூட. ஆனால் இருக்கும் இடமே ஓரளவு காட்டிக்கொடுக்கும். சர்க்கரைப் புண் பெரும்பாலும் பாதத்தின் அடியிலும் விரல்களிலும் வரும். சிரைப் புண்ணின் இடம் உள்பக்கக் கணுக்காலுக்குச் சற்று மேலே. கும்பகோணம் போன்ற ஊர்களில் நீண்ட நாள் வீங்கிய கால் என்றால் யானைக்கால் என்றே முடிவுகட்டிவிடுவார்கள். யானைக்காலுக்கு மாத்திரை தின்று வால்வு சரியாகப்போவதில்லை.

புண்ணுக்கு மேலே பூசும் பவுடரும் ஆயின்ட்மென்டும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் இங்கே இரண்டாம் பட்சம். விரல் அடியிலிருந்து முழங்கால்வரை முறையாகச் சுற்றும் அழுத்தக் கட்டுதான் புண்ணை ஆற்றுகிறது. அதோடு பழுதான சிரையையும் சீக்கிரமே அடைத்துவிட்டால் இன்னும் நல்லது என்று பிரிட்டனில் 450 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018-ல் காட்டியது. கட்டோடு உடனடிச் சிகிச்சையும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு 56 நாட்களுக்குள் புண் ஆறியது. சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாட்கள் பிடித்தன. 'முதலில் புண் ஆறட்டும், அப்புறம் ஆபரேஷன் பார்க்கலாம்' என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து அபூர்வம்தான், ஆனால் சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. கணுக்காலருகே தோல் மெலிந்து, நீலக் கொப்புளம் போலத் தெரியும் சிரை ஒன்று இடிபட்டோ சொறிபட்டோ உடைந்துவிடும். வலிக்காது. சுடுதண்ணீரில் குளிக்கும்போது நேர்ந்தால் தெரியக்கூடத் தெரியாது. ரத்தம் பீய்ச்சியடிக்கும். வீட்டார் பதறி அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுவார்கள், காப்பித்தூளை அப்புவார்கள், முழங்காலுக்கு மேலே துண்டை இறுக்கிக் கட்டுவார்கள். மூன்றுமே தவறு. மேலே கட்டினால் சிரையின் வழி இன்னும் அடைபட்டு ரத்தம் கூடுதலாகக் கொட்டும். செய்ய வேண்டியது, அவரை உடனே தரையில் படுக்கவைத்து, காலை இதயத்தைவிட உயரமாகத் தூக்கிப் பிடித்து, சுத்தமான துணியால் உடைந்த இடத்தைப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துவது. காலைத் தூக்கியதுமே வேகம் குறைவது தெரியும். பிறகு அழுத்தமாகக் கட்டி, படுத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். இதனால் இறந்தவர்கள் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் உண்டு. பலர் வீட்டில் தனியாக இருந்த முதியவர்கள்.

ரத்தம் உறைவது மூன்றாவது ஆபத்து. புடைத்த சிரை ஒரு நாள் சிவந்து, கயிறு போல் கெட்டியாகி, தொட்டாலே வலிக்கும். 'நரம்பு இழுத்துக்கொண்டது' என்று சுடச்சுட எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது வழக்கம். உள்ளே இருப்பது உறைந்த ரத்தக் கட்டி என்றால் அதை நீவுவது விஷப்பரீட்சை. தைவானில் இந்த நோய் உள்ள இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2018-ல் வெளியான கட்டுரையின்படி, ஆழ் சிரையில் ரத்தம் உறைவது ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 6.55. நோய் இல்லாதவர்களில் அது 1.23. ஆயிரத்தில் ஆறு என்பது பீதியடைய வேண்டிய எண்ணிக்கை அல்ல. ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடாமல் டாக்டரைத் தேடுவதற்குப் போதுமான காரணம்.

கைவைத்தியங்களைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடத் தேவையில்லை. அட்டை ரத்தத்தைக் குடித்தால் வீக்கம் அன்றைக்குக் குறையலாம். அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதும் உண்மை. ஆனால் வால்வைத் தைத்துவிடும் திறமை அட்டைக்கு இல்லை. சர்வாங்காசனமோ சுவரில் காலைச் சாய்த்துப் படுப்பதோ செய்தால் புடைப்பு மறைந்துபோகும். கால் மேலே இருக்கும்வரை. எழுந்து நின்ற சில விநாடிகளில் பழையபடி நிரம்பிவிடும். கனமும் வீக்கமும் குறைய இது நல்ல பழக்கம், நோயைக் குணப்படுத்தும் என்று சொல்வதுதான் தவறு. டாக்டர்கள் எழுதித் தரும் டயோஸ்மின் போன்ற மாத்திரைகளுக்கும் இதே தீர்ப்புதான். வலியும் கனமும் சிலருக்குக் குறைகின்றன, சிரை உள்ளே போவதில்லை.

எலாஸ்டிக் காலுறை விஷயத்தில் இருபக்கமும் தவறு நடக்கிறது. அதைப் போட்டால் நோய் போய்விடும் என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. போகாது, போட்டிருக்கும்வரை தாங்கிப் பிடிக்கும். சிகிச்சை செய்துகொள்ளக்கூடிய நிலையில் இருப்பவருக்கு வெறும் காலுறையைத் தந்து அனுப்ப வேண்டாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2013-லேயே வழிகாட்டிவிட்டது. வாங்கினாலும் அளவெடுத்து வாங்குவோர் குறைவு. காலையில் படுக்கையைவிட்டு இறங்குமுன், கால் வீங்குவதற்குள், மாட்டவேண்டும். நம்மவர்கள் சமையல் முடித்து, குளித்து, கால் வீங்கிய பிறகு மாட்டுகிறார்கள். மே மாத வெயிலில் அரிக்கிறது என்று பாதியில் சுருட்டிவிடுகிறார்கள். சுருண்ட காலுறை முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியது போல இறுக்கும். இன்னும் முக்கியமானது, பீடி சிகரெட் பழக்கத்தாலோ சர்க்கரை நோயாலோ தமனி அடைபட்ட காலில் இறுக்கமான உறையை மாட்டினால் உள்ள ரத்த ஓட்டமும் போய்விடும். பாதத்தின் நாடியைப் பார்க்காமல் இதைக் கடையில் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனமல்ல.

ஆபரேஷன் என்றதும் எழும் முதல் கேள்வி, "குழாயையே எடுத்துட்டா ரத்தம் எப்படிப் போகும்?" நியாயமான கேள்வி. பதில் இதய ஆபரேஷனில் இருக்கிறது. 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ இதயத்தின் அடைப்பைத் தாண்டி ரத்தத்தைக் கொண்டுபோக எடுத்தது காலில் இருக்கும் இதே நீளச் சிரையைத்தான். இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியனால் செய்யப்பட்டது. அதன் பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் காலிலிருந்து நல்ல சிரையையே கொடுத்துவிட்டு நடமாடுகிறார்கள். கால் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கு தசைக்குள் இருக்கும் ஆழ் சிரைகள் வழியாகத்தான் மேலே போகிறது. தோலடிச் சிரை கிளைச் சாலை மாதிரி. அதிலும் பழுதானது ரத்தத்தை மேலே கொண்டுபோவதில்லை, கீழே கொட்டுகிறது. அதை மூடினால் ரத்த ஓட்டம் மேம்படவே செய்யும்.

இந்தத் தர்க்கத்தை வைத்து ஜெர்மன் சர்ஜன் ட்ரெண்டலன்பர்க் 1890-லேயே சிரையைக் கட்டி நிறுத்திப் பார்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க சர்ஜன்கள் சிரையை முழுதாக உருவி எடுக்கும் முறைகளைக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அதுதான் ஆட்சி செய்தது. உருவும்போது, முக்கியமாக முழங்காலுக்குக் கீழே, சிரையை ஒட்டி ஓடும் நிஜமான நரம்பு ஒன்று பழுதாகி, உள்பக்கக் கணுக்காலருகே மரத்துப்போவது உண்டு. நரம்பு என்ற பயத்துக்கு இந்த நோயில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். அதுகூடத் தோலின் உணர்ச்சியைப் பாதிக்குமே தவிர கால் விழுந்துவிடாது.

சூடேற்றிச் சிரையை உள்ளிருந்தபடியே மூடும் முறைகள் 1990-களின் இறுதியில் வந்தன. முதலில் ரேடியோ அலை, அடுத்து லேசர். முழங்காலருகே ஊசி முனையளவு துளை, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி மெல்லிய கம்பியைத் தொடை இடுக்குவரை செலுத்தி, சுற்றிலும் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்திவிட்டு, சிரையைச் சூட்டால் சுருங்கவைத்துக்கொண்டே கம்பியை வெளியே இழுக்கிறார்கள். நுரை மருந்து செலுத்தி ஒட்டவைப்பது மலிவான முறை. சையனோஅக்ரிலேட் பசையால் ஒட்டுவதும் உண்டு. உடைந்த செருப்பை ஒட்டும் துளிப் பசையின் உறவுக்காரன்தான் அது. அமெரிக்க அரசு அதற்கு 2015-ல் அனுமதி தந்தது.

இங்கே புது மூடநம்பிக்கை ஒன்று முளைத்திருக்கிறது. லேசர் என்ற சொல்லின் மயக்கம். 'தழும்பில்லை, தையலில்லை, ஒரே நாளில் வீட்டுக்கு' என்ற விளம்பரங்கள் பெரும்பாலும் பொய்யல்ல, ஆனால் முழுக்கதையும் அல்ல. பிரிட்டனில் 798 பேரை மூன்று பிரிவாக்கி ஐந்தாண்டு கவனித்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. லேசரும் பழைய அறுவையும் ஏறக்குறைய சமமான நிம்மதியைத் தந்தன, நுரை மருந்து சற்றுப் பின்தங்கியது. அதாவது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் ஆபரேஷனை மட்டம் என்று நினைத்து, வட்டிக்குக் கடன் வாங்கி லேசருக்கு ஓடத் தேவையில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. லேசரில் வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம் என்பது மெய். தினக்கூலிக்காரருக்கு அதுவும் ஒரு கணக்குதான்.

எல்லோருக்கும் சிகிச்சை தேவை என்பதும் இல்லை. தொடையில் சிலந்தி வலை போலத் தெரியும் மெல்லிய சிவப்பு, நீல ரேகைகள் ஆபத்தில்லாதவை. அவற்றைக் காட்டிப் பயமுறுத்தி லேசருக்குத் தேதி குறிக்கும் கிளினிக்கை விட்டு எழுந்து வந்துவிடலாம். கர்ப்பிணிகளுக்கு வரும் புடைப்பு பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பெருமளவு தானே வடிவதுண்டு, அதுவரை பொறுப்பதுதான் முறை. ராணுவ ஆள்சேர்ப்பில் இந்த நோய் நிராகரிப்புக்குக் காரணமாகும் என்பதால் தேர்வுக்கு முந்தைய மாதம் அவசரமாகச் சிகிச்சைக்கு வரும் இளைஞர்கள் முதலில் விதிகளைப் படிப்பது நல்லது.

எந்த முறையானாலும் அதற்கு முன்னால் டாப்ளர் ஸ்கேன் அவசியம். அதுவும் நோயாளியை நிற்கவைத்து எடுக்க வேண்டும். படுத்திருக்கும்போது இறங்காத ரத்தம் நின்றால்தானே இறங்கும்! எந்த வால்வு பழுது, ஆழ் சிரை திறந்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் அதில் பதில் இருக்கவேண்டும். ஆழ் சிரை முன்பே உறைந்து அடைபட்டிருந்தால் புடைத்த தோலடிச் சிரைதான் மாற்றுப்பாதை. அதை மூடுவது பெரிய தவறாகிவிடும்.

சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்குச் சில ஆண்டுகளில் புதுப் புடைப்பு தலைகாட்டும். 'செஞ்சாலும் திரும்ப வரும், எதுக்கு வீண் செலவு' என்ற பேச்சுக்கு இதுதான் மூலம். பெரும்பாலும் மூடிய சிரை திறப்பதில்லை. பக்கத்துச் சிரையின் வால்வும் காலப்போக்கில் தளர்கிறது. பரம்பரை மாறிவிடாதே. அப்படி வருவதை ஊசி மருந்தாலேயே பல சமயம் சமாளித்துவிடலாம்.

லேசரோ ரேடியோ அலையோ முடிந்து கட்டுப் போட்டதும் டாக்டர்கள் நோயாளியை எழுப்பி வராந்தாவில் நடக்கவிடுகிறார்கள். வீட்டில்தான் சிக்கல். காலில் ஆபரேஷன் ஆயிற்றே என்று மாமியாரும் மகளும் சேர்ந்து ஒரு மாதத்துக்குக் கட்டிலைவிட்டு இறங்கவிடுவதில்லை. டம்ளர் தண்ணீர்கூடக் கைக்கே வந்துவிடுகிறது. அசையாமல் கட்டிலில் கிடக்கும் காலில்தான் ரத்தம் உறையும். அன்று மாலையே வீட்டுக்குள் நடக்கவேண்டும், மறுநாள் தெருமுனைவரை போய்வரவேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித்தான் தருகிறார்கள்.